தேவகியின் சரிகை விளக்கு

தேவகியப் பத்திச் சொல்லுன்னு கேட்டா எனக்கு மொதல்ல கோவந்தான் வருது. மத்ததெல்லாம் அப்புறந்தான். அவளால எங்க தறி இருவத்திரெண்டு நாள் சும்மா கெடந்தது. எங்க வூட்டுக்காரரத் திருடன்னு இந்தக் கொசப்பாளையமே பேசிச்சி. அது எண்பதாம் வருசம், தீபாவளிக்கி ரெண்டு மாசம் இருக்கும்போது. ஏழு வருசம் ஆச்சி. இன்னிக்கி அவ வூட்டு முன்னறையில ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் ரிப்பேருக்கு வரிசையா குந்திகினு இருக்குது. களம்பூர்லருந்துகூட பொம்பளைங்க பஸ் ஏறி வராங்க. அவ கைராசிக்காரின்னு சொல்றாங்க. கைராசியாவது மண்ணாவது. அவ பட்டது எனக்குத் தெரியும், நான் பட்டது அவளுக்குத் தெரியும்.

என் பேரு காசியம்மாள். எங்க வூட்டுக்காரரு தசரதன், பட்டு நெசவு. ஆரணியில தடுக்கி விழுந்தா ஒரு நெசவுக்காரர் மேலதான் விழணும், அதுல ஒருத்தர். சக்கரவர்த்தி முதலாளிகிட்ட தறியில நெடுக்க ஓட்ற பாவு நூலும் சரிகையும் வாங்கி, வூட்டுத் தறியில நெஞ்சி, பொடவையா திருப்பிக் குடுக்கறது. தேவகி எங்க பக்கத்து வூடு. நடுவுல ஒரே சொவரு. அவ கண்ணமங்கலத்துப் பொண்ணு, ஒம்பதாவது வரைக்கும் படிச்சவ. புருசன் பலராமன் களம்பூர் ரைஸ் மில்லுல லாரி ஓட்றாரு. வாரத்துல ரெண்டு நாள் வூட்ல இருந்தா அதிகம். மத்த நாள்ல அவ நெசவுக்காரங்களுக்கு சரிகை சுத்திக் குடுப்பா. சிட்டமா, கத்தை கத்தையா வர சரிகைய மரக் கட்டையில சிக்கில்லாம சுத்தணும், அதான் வேலை. எங்க தறிக்கும் அவதான் சுத்துவா. விரல் சுத்தம். ஒரு முடிச்சி இருக்காது.

அப்ப அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருசம், புள்ள இல்ல. தெருவுல வாய் சும்மா இருக்குமா? அவ ரேடியோவ நோண்ட ஆரம்பிச்சதும், புள்ள இல்லாதவ வேற இன்னா பண்ணுவான்னு சொன்னாங்க. நானும் சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு மூணு எடத்துல சொல்லியிருக்கேன்.

அந்த ரேடியோ கதை எழுபத்தாறுல. அவங்க வூட்டு ரேடியோ ஊமையாயிடுச்சி. பஜார்ல ஒரு ரிப்பேர் கடையில குடுத்தா. பதினஞ்சி நாள் வெச்சிகினு குடுத்தான், நாலு நாள் பாடிச்சி, மறுபடி ஊமை. ரெண்டாவது தடவ இவ போயி, எதிர்லயே நின்னு, இன்னா பண்றீங்கன்னு பாக்கறேன்னு சொல்லியிருக்கா. அவன் முதுகத் திருப்பிகினு வேலை செஞ்சானாம். இவளுக்கு அது தாங்கல. மூணாவது தடவ ரிப்பேர் ஆனப்போ கடைக்கே போகல. அரிவாமனைய ஒதுக்கி வெச்சிட்டு, அடுப்பங்கரையிலயே குந்திகினு, கத்தி மொனையால ஸ்குரூவக் கழட்டிட்டா. உள்ள ஒரு ஒயரு விட்டுப் போயிருந்ததாம். ஊதுபத்தி நெருப்புல ஈயத்த உருக்கி ஒட்டப் பாத்தா. ஒட்டல. அப்புறம் ஒரு ஆணிய அடுப்புல பழுக்கக் காய்ச்சி ஒட்டினா. பாடிச்சி. தெருவே கேக்கற மாதிரி வெச்சா, எங்க தலைவலி ஆரம்பிச்சது.

பழைய பேப்பர் கடையில அட்ட கிழிஞ்ச ஒரு புஸ்தகம் கெடச்சது அவளுக்கு. பேட்டரிக் கட்டை, பல்பு, காந்தம், ரேடியோ எல்லாத்தையும் வூட்லயே செஞ்சி பாக்கறது எப்பிடின்னு தமிழ்ல போட்டிருந்தது. மொதப் பன்னெண்டு பக்கம் இல்ல. நானா இருந்தா தூக்கிப் போட்டிருப்பேன். அவ பதிமூணாம் பக்கத்துலருந்து ஆரம்பிச்சா.

அப்புறம் எங்க பொழப்பு பேஜார்தான். ஊறுகாய்க்கு வெச்சிருந்த எலுமிச்சம்பழத்துல ரெண்ட வாங்கிகினு போனா. தேஞ்சி போன பேட்டரிக் கட்டை மேல இருக்கற துத்தநாகத் தகட்ட வெட்டி ஒரு பக்கம் குத்தினா, செம்புத் துண்ட இன்னொரு பக்கம் குத்தினா, ரேடியோவுல காதுல வெச்சிக் கேக்கற குமிழ எடுத்து அதுல தொட்டு, என் காதுல வெச்சா. டிக்குன்னு ஒரு சத்தம். எலுமிச்சம்பழம் பேசுதுக்கா பாருன்னா. ஊறுகாய் போட்டா இன்னும் நல்லா பேசும், கம்முனு குட்றீன்னு வாங்கிகினு வந்தேன். இன்னொரு நாள் ஒரு பெரிய ஆணியில ஒயரச் சுத்தி பேட்டரியில தொட்டா, என் பொடவையில குத்தியிருந்த ஊக்கு கழண்டு அதுல போயி ஒட்டிகிச்சி. பலராமன் எதிர்ல நிக்கறாரு. எனக்கு மானமே போச்சி. அவ சிரிக்கறா, விழுந்து விழுந்து.

ஆனா ஒண்ணு சொல்லணும். எதையும் தானே தொட்டு, தானே செஞ்சி பாக்காம நம்ப மாட்டா. புஸ்தகத்துல எரியும்னு போட்டிருந்தா போதாது. இப்பிடி வெச்சா எரியுதா, திருப்பி வெச்சா எரியுதா, தண்ணியில வெச்சா எரியுதா, உப்புத் தண்ணியில வெச்சா எரியுதான்னு பாப்பா. தேதி கிழிச்ச காலண்டர் தாள் முதுகுல எழுதி வெப்பா. ஒரு தடவ நான் கேட்டேன், ஒரு தடவ எரிஞ்சதுதானே, மறுபடி மறுபடி எதுக்குடி பாக்கறன்னு. ஒரு தடவ எரிஞ்சா அது தற்செயலா இருக்கும்கான்னு சொன்னா. அப்பேர்ப்பட்டவ எங்க விசயத்துல மட்டும் செஞ்சி பாக்காம வந்து நின்னா பாரு, அதான் எனக்கு இன்னிக்கும் ஆறல.

எழுபத்தொம்பது கடைசியில நடந்தது இது. அவகிட்ட ஒயரு தீந்து போச்சி. சுத்தும்போது அறுந்த சரிகைத் துண்டு ஒரு சாண் கெடந்தது, அத எடுத்து ஒயருக்குப் பதிலா வெச்சிப் பாத்திருக்கா. பல்பு எரிஞ்சிடுச்சி. நல்ல சரிகைன்னா பட்டு நூல் மேல வெள்ளித் தகட்ட மெலிசா சுத்தி, தங்க முலாம் பூசியிருப்பாங்க. வெள்ளியில கரண்ட் ஓடாதா? ஓடிச்சி. ஒடனே இவ புத்தி எங்க போச்சி பாரு. போலிச் சரிகைன்னு ஒண்ணு அப்ப ஊருக்குள்ள வந்துகினு இருந்தது. செம்புத் தகடு சுத்தி, மேல தங்கக் கலர்ல வார்னிஷ் பூசினது. பார்வைக்கு அப்பிடியே இருக்கும். அதுல ஒரு துண்டு வாங்கி, ஒயரு நுனியில ஒரு ஊசியக் கட்டி வெச்சா, பல்பு எரியல. வார்னிஷ் தடுக்குது. நல்லது பத்து, போலி பத்து, கலந்து போட்டு என்னை எடுத்துக் குடுக்கச் சொன்னா. அவ கண்ண மூடிகினு ஊசி வெச்சா. நான் பல்பப் பாத்துச் சொன்னேன். இருவதும் சரியா வந்தது. எனக்கே ஒடம்பு சிலுத்துப் போச்சி.

கல்லுல ஒரைச்சிப் பாத்தாலும் போலி தெரியும், சிவப்பு காட்டும். ஆனா ஒரைக்கணும்னா இழைய உருவணும். இதுல பொடவைக்கு ஒரு சேதமும் இல்ல. வளையல் பொட்டி ஒண்ணுல ரெண்டு பேட்டரிக் கட்டை வெச்சி, மூடியில டார்ச் பல்ப சொருகி, ரெண்டு ஒயரு வெளிய விட்டு, நுனியில தையல் ஊசி கட்டினா. அவ்ளோதான் சரிகை விளக்கு.

சேதி சக்கரவர்த்தி முதலாளி காதுக்குப் போச்சி. மெட்ராஸ் கடையிலருந்து அவருக்கு நாலு பொடவை போலின்னு திரும்பி வந்திருந்த நேரம். தேவகியக் கூப்ட்டாரு. வெள்ளிக்கிழமதான் எல்லாரும் நெஞ்ச பொடவையக் கொண்டு போற நாள். அன்னிக்கி அவர் வூட்டுக் கூடத்துல இவளுக்கு ஒரு நாற்காலி போட்டாங்க. எங்க தெருப் பொம்பளைக்கி முதலாளி கூடத்துல நாற்காலி! பலராமன் அன்னிக்கி லாரிய விட்டுட்டு வந்து வாசல்லயே நின்னு பாத்தாரு. எனக்கும் பெருமைதான். எங்க பக்கத்து வூடுன்னு கேக்காதவங்களுக்கெல்லாம் சொன்னேன். வெளியூர் யாவாரி ஒருத்தன் கொண்டாந்த சரிகையில மூணு கட்டு போலின்னு விளக்கு காட்டிச்சி. கல்லுல ஒரைச்சாங்க, செம்பு சிவப்பு தெரிஞ்சது. அன்னியிலருந்து கல்ல யாரும் எடுக்கறதில்ல. விளக்குதான்.

ஆறேழு மாசம் அப்பிடியே போச்சி. ஒரு சாண் அளவுக்கு ரெண்டு ஊசிய வெப்பா, எரியும், அடுத்தவரு வருவாரு. ஒரு வெள்ளிக்கிழம முதலாளிக்கி ஒரு ரோசனை வந்தது. ரெண்டு கோடியில நல்ல சரிகையும் நடுவுல போலியும் வெச்சி நெஞ்சா நமக்கு எப்பிடித் தெரியும்? கரையில ஓட்ற சரிகை இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிவரைக்கும் ஒரே இழைதானே? ஒரு ஊசிய இங்க வை, ஒரு ஊசிய அங்க வை, முழுசும் நல்லதா இருந்தா எரியட்டும்னாரு. கேக்கறதுக்கு ஞாயமா இருக்குதில்ல? தேவகிக்கும் ஞாயமாத்தான் பட்டிருக்கு. ஒயர நீட்டிக் கட்டிக் குடுத்தா.

அன்னிக்கி எங்க வூட்டுக்காரருக்கு முன்னால ரெண்டு பேர். ரெண்டுமே பெரிய பேட்டு, அதான் பெரிய கரை, ஒரு சாண் அகலத்துக்கு சரிகையா கொட்டியிருக்கும். ரெண்டுலயும் எரிஞ்சது. எங்களுது சின்னக் கரை. மெலிசா ஒரு வரிதான் சரிகை. இந்தக் கோடியில ஒரு ஊசி, அந்தக் கோடியில ஒரு ஊசி. பல்பு எரியல. தேவகி ஊசியத் தொடச்சிட்டு மறுபடி வெச்சா. எரியல. மூணாவது தடவயும் எரியல.

இன்னாம்மான்னு முதலாளி கேட்டாரு. எரியலீங்கன்னு சொன்னா. அவ போலின்னு சொல்லல, அத நான் ஒத்துக்கறேன். ஆனா தெரியலன்னும் சொல்லல. அந்த ஒரு வார்த்தைய சொல்லியிருந்தா போதும். அங்க பதினஞ்சி பேர் நின்னுகினு இருந்தாங்க. நீங்க குடுத்த சரிகைதாங்க முதலாளின்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. அதுக்கு மேல அவருக்குப் பேச வராது. விளக்கு பொய் சொல்லுமா தசரதான்னு கேட்டுட்டு, முதலாளி அந்தப் பொடவைய மடிச்சி ஒரு பக்கம் வெச்சிட்டாரு. அடுத்த பாவு இல்லன்னுட்டாரு.

மறுநாள் நான் மிச்சம் இருந்த சரிகைக் கட்டையத் தூக்கிகினு முதலாளி வூட்டுக்குப் போனேன். இதக் கல்லுல ஒரைச்சிப் பாருங்க, நல்ல சரிகையா இல்லையான்னு கேட்டேன். கணக்குப்பிள்ளை ஒரைச்சாரு. வெள்ளிதான். மீத்து வெச்சது நல்லதாத்தான் இருக்கும், நெஞ்சதுதானே மாறிச்சின்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டாரு. பொடவை நுனியில அறுத்த இழை தொங்கிகினுதானே இருந்தது, அத ஒரு இழை ஒரைச்சிப் பாத்திருக்கலாமில்ல? அவருக்குத் தோணல. எனக்கும் அப்பத் தோணல. யாருக்குமே தோணல. விளக்கு சொல்லிடுச்சேன்னு எல்லாருக்கும் அவ்ளோ நம்பிக்கை.

சரிகைய மாத்தினவன்னு பேர் வந்துட்டா ஆரணியில எந்த முதலாளியும் பாவு குடுக்க மாட்டான். நாலு எடம் போனாரு. நாலு பேரும் நல்லாத்தான் பேசினாங்க, பாவுதான் இல்லன்னாங்க. அப்புறம் போகறத நிறுத்திட்டாரு. காலையில எழுந்து குளிச்சி, எப்பவும்போல தறிக் குழியில எறங்கி குந்திக்குவாரு. எதிர்ல பாவு இல்ல. கால் மட்டும் மிதிகட்டை மேல இருக்கும். மத்தியானம் சாப்பிடக் கூப்ட்டா வருவாரு, ரெண்டு வாய் தின்னுவாரு, மறுபடி போயி குந்துவாரு. பேச்சே இல்ல. என்கிட்ட சண்டையாவது போட்டாருன்னா நான் கெலிச்சிருப்பேன். எனக்கு பயம் வந்துடுச்சி. இந்த ஆளு இப்பிடியே போயிடுவாரோன்னு நெனச்சி நெனச்சி அழுதேன்.

தேவகி வூட்டுப் பக்கம் நான் எட்டிக்கூடப் பாக்கல. அவளும் வரல. ரெண்டு வூட்டுக்கும் நடுவுல சொவரு அன்னிக்கித்தான் எழும்பின மாதிரி ஆயிடுச்சி.

இருவதாவது நாள் மத்தியானம். மறுபடி ரெண்டு வாய் தின்னுட்டு எழுந்துட்டாரு. எனக்கு எங்கேருந்து வந்ததோ, அந்த சரிகைக் கட்டைய எடுத்துகினு நேரா அவ வூட்டுக்குள்ள பூந்துட்டேன். அவ தரையில எதையோ பிரிச்சிப் போட்டுகினு குந்தியிருந்தா. வளையல் பொட்டி பக்கத்துல இருந்தது. வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். சிலத இப்ப சொல்ல முடியாது. கடைசியில, "இது உன் கையால சுத்தின சரிகைடி. நீ சுத்திக் குடுத்ததத்தான் அவரு நெஞ்சாரு"ன்னு சொல்லி அந்தக் கட்டையத் தூக்கி அவ மேல வீசினேன்.

அவ மேல படல. நுனி மட்டும் அவ மடியில விழுந்தது, கட்டை உருண்டுகினே போயி அந்தக் கோடி சொவத்துல முட்டி நின்னது. சரிகை அறைக்கு நடுவுல நீளமா கெடக்குது. அந்த இழையையே பாத்துகினு இருந்தா. அப்புறம் ஒரு ஊசிய மடியில இருந்த நுனியில வெச்சா. இன்னொரு ஒயர நீட்டிகினு போயி கட்டைகிட்ட வெச்சா. பல்பு எரியல.

அவ மொகம் வெளுத்துப் போச்சி. அக்கா, இது நான் சுத்துனதுன்னா. அதத்தாண்டி நானும் சொல்றேன்னு கத்தினேன். அவ காதுல விழல. ஊசியத் தூக்கி ஒரு முழம் இந்தப் பக்கம் வெச்சா. எரியல. இன்னொரு முழம். இன்னும் ஒரு முழம். அடுத்த முழத்துல பல்புக்குள்ள செவப்பா ஒரு கோடு தெரிஞ்சது. கிட்ட வர வர செவப்பு மஞ்சளாச்சி. ஒரு சாண்ல பளிச்சின்னு எரிஞ்சது. அதே இழை, அதே பேட்டரி. திரும்ப நகத்தினா, அணைஞ்சது. கிட்ட கொண்டாந்தா, எரிஞ்சது.

அக்கா, இந்த ஊசியப் புடின்னா. திட்ட வந்தவ நான், ஊசியப் புடிச்சிகினு குந்திட்டேன். அவ முழம் போட்டு முழம் போட்டு பாத்தா. காலண்டர் தாள்ல எழுதினா. அப்புறம் அதே நீளத்துக்கு பத்து இழைய வெட்டி, ரெண்டு நுனியையும் சேத்து முறுக்கி வெச்சா. நீளம் கொறையல. ஆனா பல்பு எரிஞ்சது. எனக்கு ஒண்ணும் புரியல. அவதான் சொன்னா. இழை நீளமாக ஆக கரண்ட் ஓட்டம் கொறஞ்சிகினே போகுதாம். பத்து இழை சேந்து போனா பத்து வழியாச்சி, அதனால போய்ச் சேருதாம். பெரிய பேட்டுல நூறு இழை பக்கத்துல பக்கத்துல கெடக்குது, அதான் அவங்களுது எரிஞ்சது. எங்களுது ஒத்தை வரி, ஆறு கெஜ நீளம். நல்ல சரிகையா இருந்தாலும் எரியாது. ஒத்தை வரியா அவ்ளோ நீளத்துக்கு வெச்சா எந்த சரிகையா இருந்தாலும் எரிஞ்சிருக்காதுன்னா.

எனக்கு அவள நாலு அறை அறையலாம்னு இருந்தது. கட்டிப் புடிச்சிகினு அழலாம்னும் இருந்தது. ரெண்டும் பண்ணல. எழுந்து வாடி, முதலாளிகிட்ட போய் சொல்லுன்னேன். பயமா இருக்குதுக்கான்னா. எனக்கும் தெரியும் எதுக்கு பயம்னு. அவ பொறந்ததுலருந்து அவளுக்குன்னு கெடச்சது அந்த ஒரு நாற்காலிதான்.

ஆனா வந்தா. அன்னிக்கே வந்தா. முதலாளி தனியா இருந்தாரு. அவர் எதிர்லயே சரிகைய நீட்டி, மடக்கி, பத்தா முறுக்கிக் காட்டினா. மனுசன் முட்டாள் இல்ல, ஒடனே புரிஞ்சிகினாரு. எங்க பொடவை நுனியில ஒரு இழைய உருவி கல்லுல ஒரைச்சாரு. வெள்ளி. அப்புறம் என்னைப் பாத்து, தசரதன நாளைக்கி வரச் சொல்லும்மா, பாவு குடுக்கறேன், பொடவையும் எடுத்துக்கறேன்னாரு. ஆனா இத வெளிய யாரும் பேச வேணாம், பேசினா நாம போலின்னு தள்ளின அந்த வெளியூர் யாவாரி, என்னுதும் நல்ல சரிகைதான்னு என்கிட்ட சண்டைக்கி வருவான், விளக்குக்கும் மதிப்புப் போயிடும்னாரு.

நான் சரிங்கன்னு சொல்ல வாயெடுத்துட்டேன். மறைக்க மாட்டேன். பாவு வந்தா போதும், அந்த மனுசன் கால் அந்த மிதிகட்டைய மிதிச்சா போதும்னு இருந்தது எனக்கு. தேவகிதான் குறுக்க பேசினா. மெதுவாத்தான் பேசினா.

"பழி போட்டது பதினஞ்சி பேர் முன்னாலங்க. எடுக்கறதும் அவங்க முன்னாலதாங்க எடுக்கணும்."

அப்புறம் உன் விளக்க எவனும் நம்ப மாட்டாம்மான்னாரு முதலாளி. நம்ப வேணாங்கன்னா. அவருக்கு மொகம் சுருங்கிப் போச்சி. சரி, வெள்ளிக்கிழம வான்னு உள்ள எழுந்து போயிட்டாரு.

வெள்ளிக்கிழமன்னா இருவத்திரெண்டாவது நாள். எங்க வூட்டுக்காரரக் கையப் புடிச்சி இழுக்காத கொறையா கூட்டிகினு போனேன். கூடம் நெறைய ஆளுங்க. தேவகி நாற்காலியில குந்தல, நின்னுகினே இருந்தா. நடந்தத சொன்னா. யாருக்கும் வெளங்கல. மூஞ்சி மூஞ்சியா பாத்துக்கறாங்க, ஒருத்தரு கொட்டாவி விட்றாரு. அப்ப உள்ளேருந்து முதலாளி சம்சாரம் அம்மணி அம்மா வந்தாங்க. கையில அவங்க கல்யாணப் பொடவை. சின்னக் கரை, மெலிசா ரெண்டு பக்கமும் ஒரு வரி. எங்க மாமனாரே முன்ன நின்னு வாங்கிக் குடுத்த சரிகை, இதுல வெச்சிப் பாரும்மான்னு பொடவையப் பிரிச்சிப் போட்டாங்க. அவங்க வரப்போறது முதலாளிக்கே தெரியாது போல, திகைச்சிப் போயி பாக்கறாரு.

இந்தக் கோடியில ஒரு ஊசி. அந்தக் கோடியில ஒரு ஊசி. எரியல. முதலாளி வூட்டுக் கல்யாணப் பொடவையப் போலின்னு சொல்ல அங்க யாருக்கு வாய் வரும்? அதே கரையில ஒரு சாண் அளவுக்கு ஊசிய வெச்சா. எரிஞ்சது. அப்பத்தான் எல்லாருக்கும் வெளங்கிச்சி.

"தப்பு சரிகையில இல்லீங்க. தசரதன் அண்ணா எதையும் மாத்தல. நீளமா வெச்சி ஒரு தடவகூட நான் செஞ்சி பாக்கல. பாக்காமலே இங்க வந்து நின்னேன்." அவ்ளோதான் சொன்னா.

பின்னால ரெண்டு பேர் சிரிச்சாங்க. பொம்பள கையில விளக்கக் குடுத்தா இப்பிடித்தான்னு ஒருத்தன் சொன்னான். அவ தலையக் குனிஞ்சிகினு கேட்டுகினா. முதலாளி எழுந்து போயி பாவ எடுத்தாந்து, எல்லாரும் பாக்க எங்க வூட்டுக்காரரு கையில குடுத்தாரு. என்மேலயும் தப்பு இருக்குது தசரதான்னாரு. அந்த வார்த்தைய அவரு சொன்னதுக்கு இன்னிக்கும் நான் அவர நல்லபடியாத்தான் பேசுவேன். எங்க வூட்டுக்காரரு பாவ வாங்கித் தோள்ல போட்டுகினு திரும்பி நடந்தாரு. தேவகியத் தாண்டித்தான் போனாரு. அவளப் பாக்கல.

வூட்டுக்கு வந்தும் பேச்சு இல்ல. ரெண்டு நாள் பாவ ஏத்தற வேலை பாத்தாரு. தெருவுல முன்ன மொகத்தத் திருப்பிகினு போனவங்கல்லாம் வந்து குசலம் விசாரிச்சாங்க. தலையத் தலைய ஆட்னாரே தவிர வாயத் தொறக்கல. அதுக்குள்ள முதலாளி வூட்ல விளக்கு வெச்சிப் பாக்கறது நின்னு போச்சி. மறுபடி கல்லுதான். அந்த நாற்காலியும் எடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்.

ஞாயித்துக்கிழம காலையில தேவகி எங்க வாசல்ல வந்து நின்னா. கையில வளையல் பொட்டி. உள்ள வான்னு நான் சொல்லல. எனக்கு இன்னும் ஆறல. அவளே ரெண்டு எட்டு வந்து, தறிப்பக்கமா பாத்து, அண்ணா, இது இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும், வேணாம்னா ஒடச்சிப் போட்டுடுங்கன்னு சொல்லி, குழியோரம் வெச்சா. வெச்சிட்டு நகந்து நின்னுகினா.

ஒடைப்பாருன்னுதான் நான் நெனச்சேன். சத்தியமா, ஒடைக்கட்டும்னுதான் நெனச்சேன். அவரு தறியிலருந்து கைய எடுத்தாரு. குழியிலருந்து மேல ஏறினாரு. துண்டுல கையத் தொடச்சிகினு பொட்டியத் தொறந்தாரு. உள்ள இருக்கற பேட்டரிக் கட்டையப் பாத்தாரு, ஒயரப் பாத்தாரு, ஊசி நுனிய விரல்ல தொட்டுப் பாத்தாரு. நெசவுக்காரன் தறிக்கு வாங்கின ஒரு புது அச்சுப் பலகையப் பாக்கற மாதிரி அப்பிடிப் பொறுமையா பாத்தாரு. அப்புறம் நிமிந்து தேவகியப் பாத்தாரு. இருவத்திநாலு நாளைக்கி அப்புறம் அவரா வாயத் தொறந்து கேட்டது இதான்.

"இது எங்கெங்க தப்பு பண்ணும்? அத மொதல்ல சொல்லு."

தேவகி ஒடஞ்சி போயி அழுதா. முதலாளி மொகம் சுருங்கினப்ப அழாதவ, கூடத்துல சிரிச்சப்ப அழாதவ, எங்க வூட்டு வாசப்படியில நின்னுகினு தேம்பித் தேம்பி அழுதா. அழுதுகினே சொல்ல ஆரம்பிச்சா. பேட்டரி எறங்கியிருந்தா தப்பாகும். ஊசி துருப்பிடிச்சிருந்தா தப்பாகும். இழையில கஞ்சி ஒட்டியிருந்தா தப்பாகும். ஒரு சாணுக்கு மேல போனா தப்பாகும். கடைசியா, "எனக்குத் தெரியும்னு நான் நெனச்சிட்டா தப்பாகும்ணா"ன்னா.

உக்காரும்மான்னாரு. அழுகைய நிறுத்திட்டு மெதுவா, ஒண்ணொண்ணா சொல்லுன்னாரு. என் பக்கம் திரும்பி, காசி, தேவகிக்கு ஒரு லோட்டா தண்ணி குடுன்னாரு. நான் போயி மொண்டாந்து குடுத்தேன்.